2011 சென்சஸில் எங்கள் ஊரையே காணவில்லை, எங்கே தேடுவது?

கரிசல்காட்டான்:
எங்களுடையது சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன ஊர். பகுதி நேர ரேஷன் கடை கேட்டு மனு எழுதுகிறோம், அதில் மக்கள்தொகையைப் போடலாம் என்று 2011 சென்சஸ் பட்டியலை இறக்கிப் பார்த்தால் தென்காசி மாவட்டமே இல்லை. சரி என்று கூகுளில் ஊர்ப் பெயரைப் போட்டால் வேறு ஏதோ மாவட்டத்து ஊர் வருகிறது. பக்கத்துப் பெரிய ஊருக்கு மட்டும் ஆயிரக்கணக்கில் காட்டுகிறான், அங்கே அவ்வளவு பேர் நிச்சயமாகக் கிடையாது. எங்களை எண்ணவே இல்லையா?

பழையகணக்கு:
எண்ணியிருக்கிறார்கள், தனியாகக் காட்டவில்லை, அவ்வளவுதான். 2011-ல் தமிழ்நாட்டில் 32 மாவட்டம்தான், தென்காசி பிரிந்தது 2019-ல். திருநெல்வேலி ஃபைலைத் திறந்து சங்கரன்கோவில் தாலுகாவில் பாருங்கள். இன்னொன்று, சென்சஸில் கிராமம் என்றால் வருவாய் கிராமம். நாம் ஊர் என்று சொல்கிற குக்கிராமம், காலனி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். பக்கத்து ஊருக்கு ஆள் அதிகமாகத் தெரிகிறது என்றீர்களே, அதில் நீங்களும் இருப்பீர்கள். ஊராட்சி எல்லையோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஒரே ஊராட்சிக்குள் இரண்டு மூன்று வருவாய் கிராமம் வருவது சாதாரணம். வி.ஏ.ஓ.விடம் உங்கள் பட்டா எந்த வருவாய் கிராமம் என்று கேளுங்கள், அந்தப் பெயரில் தேடுங்கள். பெயருக்குப் பின்னால் பகுதி 1, பகுதி 2 என்று இருந்தால் இரண்டையும் பார்க்கவும். ஆங்கிலத்தில் ழகரத்தை ஆளுக்கொரு மாதிரி எழுதியிருப்பார்கள், அதனால் முதல் நாலு எழுத்தை மட்டும் அடித்துத் தேடுவது நல்லது.

ஊர்க்குருவி:
அண்ணாச்சி சொன்னது சரி. ஆனால் கிடைத்தாலும் அந்த எண்ணை அப்படியே நம்பி மனுவில் போடாதீர்கள். 2011-ல் கணக்கெடுத்தது பிப்ரவரி 9 முதல் 28 வரை. அந்த இருபது நாளும் ஊரில் தலைகாட்டாதவர் ஊர்க் கணக்கில் வர மாட்டார், திருப்பூரில் இருந்தால் திருப்பூரில்தான் எண்ணுவார்கள். எங்கள் தெருவில் பாதி வீடு பூட்டு, பொங்கலுக்கும் கோவில் கொடை விழாவுக்கும்தான் திறக்கும். ரேஷன் கார்டு என்னவோ ஊர் முகவரியில்தான்!

வேலை பற்றிய பத்தியிலும் ஒரு வில்லங்கம் உண்டு. வருஷத்தில் ஆறு மாதமாவது வேலை செய்தவரைத்தான் முதன்மைத் தொழிலாளர் என்று எடுப்பார்கள். நம் மானாவாரிக் காட்டில் புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துப் பங்குனிக்குள் எல்லாம் வீடு வந்து சேர்ந்துவிடும், நடுவில் களையெடுப்பு கொஞ்ச நாள். களைவெட்டப் போன என் சித்தியிடம் எண்ண வந்த டீச்சர் எத்தனை மாதம் வேலை என்று கேட்டபோது, முழுக்க யோசித்துவிட்டு "நாலு மாசம் இருக்கும் தாயி" என்றார். மாடு பார்த்ததைச் சொல்லவே இல்லை. கேட்கவும் இல்லை.

பழையகணக்கு:
எழுத்தறிவு சதவீதம் போடுவதாக இருந்தால் மொத்த மக்கள்தொகையால் வகுக்காதீர்கள், 0 முதல் 6 வயதுப் பிள்ளைகளைக் கழித்துவிட்டு வகுக்கவும். நான் ஒருமுறை தப்பாகப் போட்டு ஊரையே கீழே இறக்கிவிட்டேன்.

கரிசல்காட்டான்:
கிடைத்துவிட்டது அண்ணாச்சி! நாலு ஊரைச் சேர்த்து ஒரே வரியில் போட்டிருக்கிறான். எங்கள் ஊருக்கு மட்டும் பிரித்து வாங்க வழி உண்டா? அன்றைக்கு வீடு வீடாக எழுதிய படிவத்தையாவது கேட்கலாமா?

பழையகணக்கு:
படிவம் கிடைக்காது. 1948 சென்சஸ் சட்டம் 15-ம் பிரிவுப்படி அதை யாருக்கும் காட்டக் கூடாது, கோர்ட்டில் சாட்சியமாகவும் எடுக்க முடியாது. கிராமப்புறத்துக்குப் பொதுவில் வெளியிடுவது வருவாய் கிராமம் வரைக்கும்தான். ரேஷன் கடைக்கு எப்படியும் தலைக்கணக்கைவிடக் கார்டு கணக்குதான் பேசும். இப்போது சாமான் வாங்குகிற கடையில் உங்கள் ஊர்க் கார்டு எத்தனை என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஊர்க்குருவி:
அடுத்த கணக்கெடுப்பு 2027-ல், மார்ச் 1 தேதிதான் கணக்கு. மொபைலிலேயே எழுதப் போகிறார்கள். மாசிக் கொடைக்கு வருகிற பயல்களை நாலு நாள் கூட இருக்கச் சொல்லலாம், லீவு கிடைக்க வேண்டுமே.