கோலத்த போட்டோ எடுக்க ஆரம்பிச்சதுலேந்து கை ஓட மாட்டேங்குது

மார்கழிமல்லி:
எங்கம்மா விடியக்காலை வாசல் தெளிச்சு கோலம் போட்டுட்டு மாவு டப்பாவ எடுத்துட்டு உள்ள போயிடுவாங்க, திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. எட்டு மணிக்குள்ள ஸ்கூல் வேன் ஏறி பாதி அழிஞ்சிடும், அதுக்காக ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். ரெண்டு வருஷமா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ்ல, இன்ஸ்டால போடறேன், இப்ப புள்ளி வெக்கும்போதே மேலேருந்து எடுத்தா எப்படி தெரியும்னுதான் மனசு ஓடுது. நேத்து 15 புள்ளி, ஊடுபுள்ளி 8 வரைக்கும் வெச்சு மூணு தடவ அழிச்சுட்டேன். வெள்ளையா பளிச்சுன்னு தெரியணும்னு அரிசி மாவ விட்டுட்டு கல்லுமாவுக்கும் மாறிட்டேன், எறும்பு கிட்டயே வரல, அதான் ரொம்ப உறுத்துது. யாருக்காக போடறோம்ங்கறது மாறிட்டா அது அதே கோலம்தானா?

ராஜி_திருச்சி:
இதுல தப்பா நெனைக்க என்னமா இருக்கு? மார்கழில எதிர்வீட்டு வாசல எட்டிப் பாக்காதவங்க யாரு, அவங்க பூசணிப்பூ வெச்சா நம்மளும் தேடி அலைஞ்சு வாங்கிட்டு வந்து சாணி உருண்டைல சொருகினவங்கதானே. மயிலாப்பூர் வடக்கு மாட வீதில ஜனவரில கோலப் போட்டி நடக்கும்போது போய்ப் பாரு, சுத்தி கூட்டம் நிக்குது, குனிஞ்ச தல நிமிராம போட்டுட்டு இருப்பாங்க. நாலு பேர் பாக்கணும்ங்கற ஆச மனுஷனுக்கு கூடவே பொறந்தது. ஆனா அரிசி மாவுக்கு திரும்பிடு, அது வேற விஷயம்.

புள்ளிக்கணக்கு:
நான் கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆளு. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூணு பேரும் 1974லயே கோலத்த வெச்சு ஆராய்ச்சிக் கட்டுரை எழுதியிருக்காங்க, மொழிக்கு இலக்கணம் மாதிரி கோலத்துக்கும் விதி எழுதலாம்னு. காலேஜ்ல அத படிச்சப்ப எனக்கு எங்க அப்பாயிதான் ஞாபகம் வந்தாங்க. சிக்குக் கோலத்துல இழை ஒரு புள்ளிய விட்டுட்டு போயிடுச்சுன்னா அழிக்க மாட்டாங்க, ஒரு நிமிஷம் அப்படியே குந்தி உக்காந்து பாப்பாங்க, அப்புறம் ஓரத்துல புதுசா ஒரு புள்ளி வெச்சு இழைய அது வழியா சுத்தி கொண்டாந்து முடிச்சுடுவாங்க. அன்னிக்கு வர்ற கோலம் அதுக்கு முன்னாடி யாரும் போடாத கோலம். நீங்க மூணு தடவ அழிச்சேன்னு சொன்னீங்கல்ல, எனக்கு போட்டோவ விட அதுதான் கஷ்டமா இருக்கு.

கும்மோணத்து_வசந்தா:
எனக்கு அறுபத்தி ரெண்டு வயசு. அவர் போனப்ப எங்க வாசல்ல கோலம் இல்ல. வெறும் வாசல பாத்துட்டுத்தான் தெருவுல ஒவ்வொருத்தரா வந்து என்னாச்சுன்னு கேட்டாங்க. கோலம்னா இந்த வீட்டுல எல்லாரும் நல்லா இருக்கோம்னு தெருவுக்கு சொல்றது கண்ணு, எப்பவுமே அடுத்தவங்க பாக்கத்தான் போட்டோம். திரும்ப போட ஆரம்பிச்ச அன்னிக்கு நாலே நாலு புள்ளிதான் வெச்சேன், கை நடுங்கி இழை பூரா கோணல், பக்கத்து வீட்டுப் பொண்ணு அத பாத்துட்டு ஒண்ணும் பேசாம காபி கொண்டாந்து குடுத்துட்டுப் போச்சு.

மார்கழிமல்லி:
வசந்தாம்மா, படிச்சுட்டு அழுதுட்டேன். இன்னிக்கு அரிசி மாவுலதான் போட்டேன். ஒரு இழை தப்பிச்சு, அழிக்கல, இடது ஓரத்துல ஒரு புள்ளி சேத்தேன். போட்டோ எடுத்தேன், இன்னும் எங்கயும் போடல. அந்த ஓரத்துப் புள்ளிலதான் எறும்பு மொதல்ல வந்துச்சு.