மறு: ‘பணப்பரிமாற்றம்’ போதுமா?

> ‘பணப்பரிமாற்றம்’ எல்லாருக்கும் புரிகிறதே ஐயா, புதுச்சொல் எதற்கு?

வணக்கம் அம்மா.

பெட்டிக்கடையில் கைப்பேசியால் காசு கொடுப்பதும் பணப்பரிமாற்றம்தான். வெளிநாடு போனவர் சம்பாதித்து வீட்டுக்கு அனுப்புவதை (ஆங்கிலத்தில் remittance) தனியே சுட்ட ஒரு சொல் வேண்டும். இலங்கை மத்திய வங்கியின் தமிழ் அறிக்கைகள் ‘பணவனுப்பல்’ என்கின்றன. அதையே எடுத்துக்கொள்வோம்.

ஆனால் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுத அது ஒன்று மட்டும் போதாது. மேற்கு ஆப்பிரிக்க நாடான மாலியின் காயெஸ் வட்டாரத்திலிருந்து பிரான்ஸ் போன தொழிலாளர்கள், வீட்டுச் சாப்பாட்டுக்கும் வைத்தியத்துக்கும் அனுப்பியதோடு நிற்கவில்லை. ஊர்வாரியாகச் சேர்ந்து பணம் திரட்டிப் பள்ளியும் மருந்தகமும் குடிநீர்த் தொட்டியும் கட்டினார்கள். அரசு எட்டிப் பார்க்காத இடத்தில் ஊராரே செய்த வேலை இது. வீட்டுக்கு வரும் பணம் பஞ்ச காலத்தில் அடுப்பெரிய வைக்கும். ஊருக்கு வரும் பணம் கட்டடம் எழுப்பும், ஆனால் அங்கே ஆசிரியரை நியமித்து மாதாமாதம் சம்பளம் கொடுக்க அரசுதான் வரவேண்டும். இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், ‘வளர்ச்சிக்கு உதவியதா?’ என்ற கேள்விக்கு நேரான பதில் கிடைக்காது. இரண்டாவதை ‘ஊர்ப் பணவனுப்பல்’ எனலாமா?

தென்னாப்பிரிக்கா சூழ்ந்த சின்ன நாடான லெசோத்தோ இன்னொரு சிக்கல். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் உழைத்தவர்களின் கூலியில் ஒரு பங்கை, 1974 சட்டப்படி, பிடித்து லெசோத்தோவில் உள்ள வங்கிக்கு அனுப்பினார்கள். ஊர் திரும்பினால்தான் கையில் கிடைக்கும். அதை நான் ‘நிறுத்திய கூலி’ என்றே எழுதுவேன்.

---

ஐயா, வணக்கம். ‘பணவனுப்பல்’ இலங்கையில் எங்கள் பக்கம் ஊறிப்போன சொல், மகிழ்ச்சி. ‘ஊர்ப் பணவனுப்பல்’ என்றால் ஊர் அனுப்பியதா, ஊருக்கு வந்ததா என்று குழப்பம் வரும். லண்டனிலும் டொராண்டோவிலும் எங்களவர்கள் நடத்துவதை ‘ஊர்ச்சங்கம்’ என்கிறோம். பாரிஸில் மாலிக்காரர் நடத்துவதும் அதுவே. ‘ஊர்ச்சங்கப் பணவனுப்பல்’ என்றால் தெளிவு.

இன்னொன்றும் முடிவாக வேண்டும். சகாராவுக்குத் தெற்கே 200 டாலர் அனுப்ப ஏறக்குறைய 8 விழுக்காடு போய்விடுகிறது. 2030க்குள் 3 விழுக்காட்டுக்குக் கீழே கொண்டுவருவது ஐ.நா. இலக்கு. இதைக் ‘கட்டணம்’ என்று எழுதுவது தவறு. நாணய மாற்றில் முகவர் எடுத்துக்கொள்ளும் வித்தியாசம் ரசீதில் கட்டணமாகத் தெரிவதில்லை, அதுவும் வீட்டுக்குப் போகவேண்டிய பணம்தான். இரண்டும் அடங்க ‘அனுப்புச் செலவு’ என்று முன்மொழிகிறேன்.