சுவிட்சை அணைத்த பிறகும் மினுங்கும் எல்இடி பல்பு

ஓட்டுவீடு (மன்னார்குடி பக்கம்):

அப்பா 1984-இல் கட்டிய ஓட்டு வீடு. ரீப்பர் கட்டையில் கிளிப் அடித்த ஒயரிங், கறுப்புச் சுவிட்சுகள். மிச்சமிருந்த குண்டு பல்புகளைப் போன மாதம்தான் கழற்றிவிட்டு 9 வாட்ஸ் எல்இடி போட்டேன். வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் ராத்திரி அணைத்துவிட்டுப் படுத்தால் கூடத்துப் பல்பு மட்டும் முழுசாக அணைவதில்லை. மின்மினி அளவுக்கு ஒரு மினுக்கு. ‘உள்ளே கரண்டு மிச்சம் இருக்கும், விடிவதற்குள் தீர்ந்துவிடும்’ என்றாள் அம்மா. தீரவில்லை. வேறு கம்பெனிப் பல்பை மாட்டினேன், அதுவும் அப்படியே. பழைய 60 வாட்ஸைத் திரும்பப் போட்டு அணைத்தால் கும்மிருட்டு. அப்போ கோளாறு எல்இடியில்தானே? மீட்டர் ஓடுமா?

பழைய வயர்மேன்:

தம்பி, பல்பு நல்ல பல்புதான். கோளாறு உங்கள் சுவரில் இருக்கிறது. ரொம்ப வருஷமாகவே இருந்திருக்கும், குண்டு பல்பு அதைக் காட்டிக்கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

குண்டு பல்பு எரிய வேண்டுமென்றால் அந்த டங்ஸ்டன் இழை சுமார் 2500 டிகிரிக்குக் காய வேண்டும். 60 வாட்ஸ் பல்பு கால் ஆம்பியர் இழுக்கும். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு கசிந்து வந்தால் இழை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. எல்இடி சூட்டில் எரிகிற சாமான் இல்லை. துளிக் கரண்டு கிடைத்தாலும் துளி வெளிச்சம் கொடுத்துவிடும்.

நான் ஒயரிங் பையைத் தூக்க ஆரம்பித்தது 1981-இல். அப்போது பெரிய வீடு என்றால் கூடத்தில் ஒரு டியூப் லைட். ஒன்றரை அங்குலத் தடிமன், 40 வாட்ஸ். அதோடு இரும்புச் சோக் ஒரு 12, 15 வாட்ஸைத் தனியாகத் தின்னும். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. சாயங்காலம் ஓல்டேஜ் இறங்கினால் இரண்டு முனையும் சிவந்து சிவந்து அணையும், பற்றிக்கொள்ளாது. ‘ஃபேனை நிறுத்து, ஃபேனை நிறுத்து’ என்று உள்ளேயிருந்து சத்தம் வரும். ஸ்டூல் போட்டு ஏறி ஸ்டார்ட்டரைத் திருக வேண்டும். மெதுவாகப் புரிந்துகொள்கிறவனை டியூப் லைட் என்று திட்டுவோமே, அது இந்தப் பாடுதான். இப்போது எல்இடி டியூப் சட்டென்று எரிகிறது. என் பேரனை அப்படித் திட்டினால் பாராட்டு என்று நினைக்கிறான்.

அப்புறம் 36 வாட்ஸ் ஒல்லி டியூப், பிறகு சி.எஃப்.எல் என்ற வளைந்த குழாய் பல்பு. உங்கள் வியாதி சி.எஃப்.எல் காலத்திலேயே உண்டு. அது மினுங்காது, சில நொடிக்கு ஒருமுறை கண் சிமிட்டும். உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் கசிவை உண்டியல் மாதிரி சேர்த்து வைத்து, நிறைந்ததும் ஒரு தரம் மின்னிக் காலியாகிவிடும். பேய் என்று சொல்லி ராத்திரி ஒன்பது மணிக்கு என்னைக் கூப்பிட்ட வீடெல்லாம் உண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்று காரணம்தான் பெரும்பாலும். சுவிட்சுக்குள் சின்ன இண்டிகேட்டர் விளக்கு இருந்தால் அதன் வழியாகக் கசியும். கறுப்புச் சுவிட்சு என்கிறீர்கள், அது இருக்காது. மாடிப்படிக்குப் போடும் டூ வே சுவிட்சில் ஒயர்கள் நெடுந்தூரம் ஒட்டியே ஓடினால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றும். உங்களுக்குக் கூடத்துப் பல்பு ஒன்று மட்டும் மினுங்குவதால் மூன்றாவதுதான் எனக்குச் சந்தேகம்: பேஸில், அதாவது கரண்டு வரும் ஒயரில், வர வேண்டிய சுவிட்சை யாரோ நியூட்ரலில், அதாவது திரும்பிப் போகும் ஒயரில், கொடுத்திருக்கிறார்கள். சுவிட்சை அணைத்தாலும் பேஸ் ஹோல்டர் வரைக்கும் வந்து நிற்கும், அங்கிருந்து பல்பு வழியாகத் துளி கசியும். சுவிட்சை அணையுங்கள், பல்பைக் கழற்றுங்கள், ரப்பர் செருப்போடு மரஸ்டூலில் ஏறி ஹோல்டரின் இரண்டு பின்னிலும் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். ஒன்றில் பளிச்சென்று எரிந்தால் அதுதான். பிறகு நீங்களாக ஒயரைத் தொடாதீர்கள். மெயினை இறக்கிவிட்டு, தெரிந்த ஆளை வைத்து மாற்றுங்கள். மீட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம், அந்த மினுக்குக்கு ஒரு வாட்ஸ்கூட ஆகாது. கவலை வேறு: அணைத்துவிட்டோம் என்று நம்பி ஒருவர் அந்த ஹோல்டரில் கை வைப்பார்.

நாட்டுக்கோழி:

குண்டு பல்பைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள் சார், கோழி வளர்க்கும் எங்களுக்கு அது வேண்டும். இழுக்கிற கரண்டில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் சூடாகத்தானே போகிறது? குஞ்சுக்கு அந்தச் சூடுதான் தாய்க்கோழி. போன மார்கழியில் சிக்கனம் என்று கூண்டில் எல்இடி மாட்டினேன். நல்ல வெளிச்சத்தில் நாற்பது குஞ்சும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. காலையில் அடியில் இருந்த ஆறு போய்விட்டது. இப்போது கூண்டுக்கு 60 வாட்ஸ் குண்டு, வீட்டுக்கு எல்இடி.

பிசிக்ஸ் டீச்சர்:

வயர்மேன் ஐயா சொன்னதோடு ஒன்று. பழுதான பல்பின் வெள்ளை மூடியைத் திறந்தால் மஞ்சள் சதுரங்கள் தெரியும். அந்த மஞ்சள், பாஸ்பர் என்கிற ஒளிரும் பூச்சு. அடியில் இருப்பது நீல எல்இடி. நீலமும் மஞ்சளும் கலந்துதான் நமக்கு வெள்ளை. சிவப்பு எல்இடி 1962-லேயே வந்துவிட்டது. பிரகாசமான நீலத்துக்கு 1990-கள் வரை காத்திருந்தோம். அதைச் சாதித்த அகசாகி, அமானோ, நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல். அதே 2014 ஜனவரியில் நம் அரசு மொத்தமாக வாங்கியபோது ஒரு எல்இடி பல்பு 310 ரூபாய். மலிவாக எல்இடி கொடுக்கும் அரசின் உஜாலா திட்டம் வந்து, 2016-இல் 38 ரூபாய்க்கு இறங்கியது. என் கணக்கு: தினம் ஐந்து மணி நேரம் எரிந்தால் இரண்டு மாத பில்லில் 60 வாட்ஸ் 18 யூனிட், 9 வாட்ஸ் மூன்று யூனிட்டுக்கும் குறைவு.

ஓட்டுவீடு:

ஐயா, நீங்கள் சொன்னதேதான். சுவிட்சு அணைந்திருக்கும்போதே ஒரு பின்னில் டெஸ்டர் பளிச்சென்று எரிந்தது. போகிக்கு ஒட்டடை அடிக்கும்போதெல்லாம் ‘சுவிட்சை அணைச்சாச்சு’ என்று சொல்லிவிட்டு அந்த ஹோல்டரை ஈரத் துணியால் துடைத்தவன் நான். இப்போது நினைத்தால் உள்ளங்கை வேர்க்கிறது. நேற்று ஆள் வந்து அரை மணி நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார். கூடம் நன்றாக இருட்டுகிறது. ஆனால் அம்மாவுக்குக் கோபம்: ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால் அந்த மினுக்கு வசதியாக இருந்ததாம். ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு வாங்கி மாட்டிவிடட்டுமா?

பழைய வயர்மேன்:

வாங்குங்கள், ஆனால் கண்ணாடிக் குடுவைக்குள் இழை இருக்கும் பழைய ஜீரோ வாட்ஸ் வேண்டாம். பேர்தான் ஜீரோ, ஒரு 12, 15 வாட்ஸ் இழுக்கும். உங்கள் கூடத்துப் பெரிய பல்பே 9 தான். அரை வாட்ஸ் எல்இடி என்று கேளுங்கள். அம்மாவுக்கு எந்தக் கலர் பிடிக்கும் என்று கேட்டுவிட்டுப் போங்கள், இல்லையென்றால் இரண்டாவது தடவை கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.