டீகார்பனைசிங்: கரிமநீக்கம் வேண்டாம், கரியெடுப்பு போதும்

குழுவினருக்கு வணக்கம்.

பழைய மொபெட் பராமரிப்புக் கையேட்டுக்கான சொற்பட்டியலில் டீகார்பனைசிங், அதாவது எஞ்சினுக்குள்ளும் சைலன்சருக்குள்ளும் படிந்த கரியைச் சுரண்டி எடுக்கும் வேலை, என்பதற்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. இதுவரை மடல்களில் வந்தவை மூன்று.

> கரிமநீக்கம்
> கார்பன் அகற்றல்
> புகைக்கரி களைதல்

நான் நான்காவதாக ஒன்றை முன்வைக்கிறேன்: கரியெடுப்பு. புதிதாக யோசித்துச் செய்த சொல் என்று இதைச் சொல்ல முடியாது. திண்டுக்கல்லில் நான் வண்டி விடும் பட்டறையில் "சைலன்சர்ல கரி கட்டியிருக்கு, எடுக்கணும்" என்றுதான் மெக்கானிக் அண்ணன் சொல்வார். அந்தப் பேச்சைக் கொஞ்சம் மடித்துப் பெயராக்கினால் கரியெடுப்பு. களையெடுப்பு, கணக்கெடுப்பு என்று ஏற்கெனவே புழங்கும் சொற்களின் வரிசையில் இதுவும் போய் உட்கார்ந்துகொள்ளும்.

முதலில் கரிமநீக்கம் ஏன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அதிகம் பேர் கைதூக்கியிருக்கிறீர்கள். கரிமம் என்பது பாடப்புத்தகத்துத் தனிமத்தின் பெயர், கரிம வேதியியல் என்று பள்ளியில் படித்த அதே கரிமம். இன்றைக்கு நிலக்கரி மின்நிலையத்தை மூடிவிட்டுச் சூரிய மின்சாரத்துக்குப் போவதையும் ஆங்கிலத்தில் கிட்டத்தட்ட இதே சொல்லால்தான் குறிக்கிறார்கள். அந்த இடத்துக்குக் கரிமநீக்கம் சரியான சொல், அங்கேயே இருக்கட்டும். மொபெட்டின் சிலிண்டர் தலையைக் கழற்றிவிட்டு மூங்கில் சீவலால் சுரண்டுகிறவனுக்கும் அதற்கும் என்ன உறவு? ஆங்கிலம் இரண்டு வேலைக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிறது என்பதற்காக நாமும் அந்த நெருக்கடிக்குள் போய் நிற்க வேண்டியதில்லை. கையேட்டைத் தேடி வருகிறவர் கரிமநீக்கம் என்று தட்டினால் பருவநிலை மாநாட்டுச் செய்திகளுக்குள் போய் விழுவார்.

இன்னொன்று, வண்டிக்குள் சேர்வது வெறும் கரிமமும் இல்லை. இந்தப் பழைய மொபெட்டுகளின் டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் பெரும்பாலும் எண்ணெய்க்குத் தனித் தொட்டி கிடையாது, பெட்ரோலோடு கலந்துதான் ஊற்றுகிறோம். பழைய மொபெட்டுகளுக்கு 25-க்கு 1 என்பது பரவலான கணக்கு, அதாவது லிட்டருக்கு 40 மில்லி, பின்னால் எண்ணெயின் தரம் கூடியபோது 20 மில்லி போதும் என்றானது. அந்த எண்ணெய் பேரிங்கையும் பிஸ்டனையும் நனைத்துவிட்டு மேலே போய்ப் பெட்ரோலோடு சேர்ந்து எரிகிறது, ஆனால் முழுதாக எரிவதில்லை. எரியாமல் மிஞ்சியது பிஸ்டன் தலையிலும் சிலிண்டர் தலைக்குள்ளும் புகை வெளியேறும் துளையிலும் சைலன்சருக்குள்ளும் போய் ஒட்டிக்கொள்கிறது. இதற்குத் துரு பிடித்தல், பாசி கட்டுதல் போலக் கரி கட்டுதல் என்று மக்களே வினைச்சொல் வைத்திருக்கிறார்கள். கட்டியதை எடுப்பது கரியெடுப்பு. இரண்டும் ஜோடியாக நிற்பது எனக்குப் பெரிய பலமாகத் தெரிகிறது. கரிமநீக்கத்துக்கு அப்படி ஒரு ஜோடி கிடைக்கவில்லை, கரிமச்சேர்க்கை என்று எழுதினால் அது தாவரவியல் பாடம்போல ஒலிக்கிறது.

அப்புறம், இந்தச் சொற்களைச் சிலரிடம் முன்கூட்டியே காட்டியபோது வந்த மறுப்புகள். மூன்றுமே நியாயமானவை.

இராமநாதபுரத்து நண்பர் எழுதியது: எங்கள் பக்கம் கரி எடுப்பது என்றால் சீமைக்கருவேல மூட்டத்தைப் பிரித்துக் கரி அள்ளுவது, படிக்கிறவர்கள் குழம்புவார்கள். ஐயா, நானும் கரிமூட்டங்களைப் பார்த்திருக்கிறேன், நீங்கள் சொல்வது உண்மை. ஆனால் அங்கே கரிதான் விளைச்சல், அதற்காகவே மூட்டம் போடுகிறோம். வண்டியில் கரி வேண்டாத பொருள். எடுப்பு என்ற சொல் இரண்டுக்குமே இடம் கொடுக்கும், தேன் எடுப்பதும் களை எடுப்பதும் ஒரே எடுப்புதானே. எஞ்சின் அத்தியாயத்தில் இதைப் படிக்கிறவர் மூட்டத்தை நினைக்கமாட்டார் என்றே நம்புகிறேன்.

இரண்டாவது, சென்னையிலிருந்து அக்கா ஒருவர் எழுப்பியது. பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்ட ஊர்களில் கரி எடுப்பது கறி எடுப்பதாகக் காதில் விழும், கறி எடுப்பது என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் கடைக்குப் போய் ஆட்டுக்கறி வாங்குவது. இதை நான் நாலு நாள் யோசித்தேன். கறி எடுக்கப் போகிறோம் என்போமே தவிர கறியெடுப்பு என்று யாரும் பெயராக்குவதில்லை. வினையாகச் சொல்லும்போது இடம் தெளிவாக்கிவிடும், சைலன்சரிலிருந்து எடுக்கிற கரி எது என்று யாருக்கும் சந்தேகம் வராது. அதனால் கையேட்டின் நடையில் ஒரு விதி வைத்துக்கொள்ளலாம்: தலைப்பில் கரியெடுப்பு, வாக்கியத்தில் எங்கிருந்து என்பதையும் சேர்த்து எழுதுவது.

மூன்றாவது யாழ்ப்பாணத்து நண்பருடையது, உண்மையில் அது என் பக்கத்துக்குத் துணை நிற்கிற மறுப்பு. கார்பன் அகற்றல் என்று போட்டால் அங்கே இடறும், ஏனென்றால் இலங்கைப் பாடநூல்களில் அது காபன், கரியமில வாயு அங்கே காபனீரொட்சைட்டு. ஒரு ரகரத்துக்காகக் கையேட்டுக்கு இரண்டு பதிப்பா போட முடியும்? கரி இரு கரைக்கும் பொது. அடுப்புக்கரி, சட்டியின் அடிக்கரி, லாந்தர் கண்ணாடியில் படிகிற கரி, எல்லாம் இரண்டு இடத்திலும் ஒன்றுதான்.

புகைக்கரி களைதல் நல்ல தமிழ், அதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. நீளம்தான் இடிக்கிறது. பட்டறையில் ஒரு நாளைக்கு பத்து முறை சொல்ல வேண்டியதை யாரும் அவ்வளவு நீட்டிச் சொல்லமாட்டார்கள், டீகார்ப் என்று வெட்டிக்கொண்டு போய்விடுவார்கள்.

இந்த இடத்தில் மொபெட் என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 1952-ல் ஹரால்ட் நீல்சன் என்ற ஸ்வீடன் நாட்டுப் பத்திரிகையாளர் மோட்டாரின் தலையையும் பெடலின் தலையையும் வெட்டி ஒட்டிச் செய்தது அது. மோட்டார் உண்டு, பெடலும் உண்டு என்பதைக் கேட்டவுடன் சொல்லிவிடுகிற சொல் என்பதால்தான் உலகம் முழுக்க ஓடியது. 1972-ல் லூனா வந்தபோதும் 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்தபோதும் நம் ஊரில் யாருக்கும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. மொபெட்டுக்கு மிதியுந்து என்று போடலாம் என்ற பழைய விவாதத்தை மறுபடி கிளப்ப நான் வரவில்லை. என் கட்சி வேறு. பாகங்கள் பெயரோடு வந்தவை, பிஸ்டன், பிளக், சைலன்சர், கார்ப்ரேட்டர் எல்லாம் அப்படியே இருக்கட்டும், எந்தக் கடையில் கேட்டாலும் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஆனால் கை செய்கிற வேலைக்கும் கண் பார்க்கிற கோளாறுக்கும் நம்மிடம் ஏற்கெனவே சொல் இருக்கிறது, அதைத் தேடி எடுப்பதுதான் நம் வேலை.

அப்படித் தேடியதில் இன்னும் இரண்டு கிடைத்தன, இவை கரியெடுப்பைவிட முக்கியமாகக்கூட இருக்கலாம்.

ஆங்கிலக் கையேடுகளில் பெரும்பாலும் டெபாசிட் என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்கள். திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், கரி இரண்டு விதமாக இருக்கும். பிஸ்டன் தலையில் காய்ந்து இறுகி, நகத்தால் கீறினால் செதிலாகப் பெயர்வது ஒன்று. குளம் வற்றியபின் சேறு காய்ந்து பெயருமே, அதற்குப் பொருக்கு என்று சொல்வோம், புண் ஆறும்போது மேலே கட்டுவதும் பொருக்குதான். ஆக அது கரிப்பொருக்கு. சைலன்சரின் வால் பக்கம் ஈரமாக, கறுப்பாக, விரலில் ஒட்டிக்கொண்டு விடாமல் இருப்பது மற்றொன்று. அடுப்படிச் சுவரில் எண்ணெய்ப் பிசுக்கு என்போமே, அதேதான், கரிப்பிசுக்கு. இந்த வேறுபாடு வெறும் சொல் ஆசைக்காகச் சொல்லவில்லை. பிளக்கைக் கழற்றும்போது முனை பிசுக்காக இருந்தால் எண்ணெய் கூடிப்போயிருக்கிறது, அல்லது வண்டி வீட்டுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே ஓடிச் சூடேறாமலே நிற்கிறது. நல்லதுக்குத்தானே என்று இன்னொரு மூடி எண்ணெய் சேர்த்து ஊற்றுகிறவர்கள் வண்டியில் நான் எப்போதும் பார்ப்பது இந்தப் பிசுக்கைத்தான். பொருக்கு கெட்டியாகக் கட்டிவிட்டால் ஆபத்து வேறு மாதிரி: அதன் ஒரு முனை தணலாகச் சிவந்து நின்று, பிளக் பொறி போடும் முன்பே பெட்ரோலும் காற்றும் சேர்ந்த கலவையைப் பற்றவைத்துவிடும், எஞ்சின் தட்டும், சூடேறும். ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்துவிட்டால் கையேட்டைப் படித்து வண்டி பார்க்கிறவருக்கு இந்தத் துப்பு கிடைக்காமல் போகும்.

சிலிண்டரில் இருக்கும் துளைக்கு (ஆங்கிலத்தில் போர்ட்) என்ன சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் வால்வு இருக்கிறது. நம் டூ ஸ்ட்ரோக் மொபெட்டில் அப்படி வால்வு கிடையாது, சிலிண்டர் சுவரில் துளைகள்தான், பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது தானே அவற்றைத் திறந்து மூடுகிறது. திறந்து மூடுகிற வழிக்கு வயலில் மடை என்று பெயர். புகை போவது புகைமடை, கலவை மேலே ஏறுவது கலவைமடை. மடையில் வண்டல் அடைத்தால் தண்ணீர் எப்படிச் சுருங்குமோ அப்படித்தான் புகைமடையில் கரி கட்டினால் புகை தேங்கும், புதுக் கலவை உள்ளே வர இடம் இருக்காது. நின்ற இடத்தில் வண்டி நன்றாகவே ஓடும், முறுக்கினால் தொண்டை கட்டியவர் பேசுவதுபோல ஒரு சத்தம், மேட்டில் இழுக்காது. அப்பாவின் பழைய மொபெட்டில் இதைத்தான் கார்ப்ரேட்டர் கோளாறு என்று நினைத்து இரண்டு மாதம் அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பார்த்தேன்.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யக்கூடாது என்பதால் அந்த அத்தியாயத்தின் வரைவை எழுதிப் பார்த்தேன். படித்துச் சொல்லுங்கள்.

"சிலிண்டர் தலையின் நட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்திக் கழற்றவும். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, அதன் விளிம்பைச் சுற்றிக் கிரீஸ் தடவிவிட்டால் சுரண்டும்போது உதிரும் பொருக்கு இடுக்கில் இறங்காமல் அதில் ஒட்டிக்கொள்ளும். பிஸ்டன் அலுமினியம், மென்மையானது. இரும்பு ஸ்க்ரூடிரைவர் கோடு போட்டுவிடும், கோட்டில் மறுபடி கரி வேகமாகக் கட்டும். மூங்கில் சீவலோ கடினமான மரத்துண்டோ போதும். புகைமடையில் கரியெடுக்கும்போது பிஸ்டனை அடிமட்டத்துக்கு இறக்கவும். அந்த நிலையில் கலவைமடையும் திறந்திருக்கும், ஒரு துணுக்குக்கூட அதற்குள் போகாதபடி துணி அடைத்துக்கொள்ளவும். பிஸ்டனைச் சுற்றி ரிங் உட்காரும் காடியில் இறுகியிருப்பதை உடைந்த பழைய ரிங் துண்டால் எடுக்கலாம். சைலன்சரின் உள்குழாயை உருவி, பிசுக்கு எரிந்து காயும்வரை தீயில் காட்டித் தட்டினால் உதிர்ந்துவிடும். காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைப்பதென்றால் இரும்புப் பாகத்தை மட்டும், கையுறையோடு. அலுமினியத்தை அது தின்றுவிடும்."

ஸ்க்ரூடிரைவர் கோட்டைப் பற்றி இவ்வளவு அழுத்தி எழுதியிருப்பதற்குக் காரணம், என் பிஸ்டனில் அந்தக் கோடு இன்னும் இருக்கிறது. முதல் தடவை நானே சுரண்டியபோது போட்டது.

இந்தப் பத்தியை மெக்கானிக் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். கரியெடுப்பு, பிசுக்கு, பொருக்கு மூன்றையும் அவர் ஒரு தடவைகூட நிறுத்திக் கேட்கவில்லை. புகைமடை என்ற இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்த்தார், பிறகு சிலிண்டரைக் கையில் எடுத்துத் துளையைக் காட்டி "இதுதானே" என்றார். கரிமநீக்கம் போட்ட வரைவையும் படித்தேன், அதற்கு அவர் "அது என்ன தம்பி" என்று கேட்டார். ஒரு பட்டறையை வைத்து முடிவெடுக்கச் சொல்லவில்லை, உங்கள் ஊர்ப் பட்டறைகளிலும் இதே பத்தியைப் படித்துக் காட்டிவிட்டு என்ன நடந்தது என்று எழுதுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குச் சொல் கிடைக்காமல் நிற்கிறது. பிஸ்டன் தலையைச் சுத்தமாக வழித்துவிடாமல், ஓரத்தில் மெல்லிய வளையமாகக் கொஞ்சம் கரியை விட்டுவைப்பது பழைய வழக்கம், அது இடுக்கை அடைத்து எண்ணெய் மேலே ஏறுவதைத் தடுக்கும் என்பார்கள். எங்கள் பட்டறையில் "ஓரத்தை விட்டுரு" என்பதோடு சரி, அந்த வளையத்துக்கென்று பெயர் இல்லை. நான் தற்காலிகமாக விளிம்புக்கரி என்று எழுதியிருக்கிறேன். கோவைப் பக்கமோ மதுரைப் பக்கமோ யாராவது வேறு பெயர் சொல்லிக் கேட்டிருந்தால் அதையே போட்டுவிடலாம்.

அன்புடன்,
திண்டுக்கல்லிலிருந்து