மே கடைசியில் வான்கோழி வேட்டை: எந்த சோக் போடலாம்?

பென்சில்வேனியாவில் வசந்தகால வான்கோழி வேட்டை முடியப்போகிறது, எனக்கு இன்னும் ஒரு சேவல்கூடச் சிக்கவில்லை. கையில் இருப்பது 12 கேஜ் (குழல் விட்ட அளவு) பம்ப் ஷாட்கன், எக்ஸ்ட்ரா ஃபுல் சோக் (ரவை அதிகம் சிதறாதபடி குழல் முனையை நன்றாகக் குறுக்கும் துண்டு), 9ஆம் எண் டங்ஸ்டன் ரவை (மிகச் சிறிய குண்டுகள்). 40 கெஜத்தில் காகிதக் குறியில் அருமையாக விழுகிறது. ஆனால் இப்போது இலை அடர்ந்துவிட்டதால், பறவை 15 கெஜத்துக்குள் வந்த பிறகுதான் கண்ணில் படுகிறது. அந்தத் தூரத்தில் ரவை உள்ளங்கை அளவுக்குத்தான் விரிகிறது. போன சனிக்கிழமை தலையை ஒட்டிப் போய்த் தவறிவிட்டது (என் பதற்றமும் காரணம்தான்).

ரவையை இன்னும் அகலமாக விரிக்கும் மாடிஃபைட் சோக்குக்கு மாறி, 5ஆம் எண் ஈய ரவை போட்டால் போதுமா? இல்லை, சோக்கை அப்படியே விட்டுவிட்டு ரெட் டாட் சைட் (சிவப்புப் புள்ளியால் குறி காட்டும் கருவி) பொருத்தலாமா? எடை குறைந்த 20 கேஜ் துப்பாக்கி மீதும் ஆசைதான். ஆனால் இன்னொரு துப்பாக்கிக்கு வீட்டில் அனுமதி கிடைக்காது. அடர்ந்த காட்டில் சுட்டுப் பழகியவர்கள் சொல்லுங்கள்.