கடலோரக் கோயில்கள் நான்கு, ஒரே நாள்: வழித்திட்டம் தேவை

எழுபத்தாறு வயதான என் தாயாரைத் திருவெண்காடு, பூம்புகார்ப் பல்லவனீச்சரம், திருக்கடையூர், தரங்கம்பாடி மாசிலாமணிநாதர் கோயில் ஆகிய நான்கிற்கும் ஒரே நாளில் அழைத்துச் செல்ல இருமுறை முயன்றும் முடியவில்லை.

தை மாதம் மயிலாடுதுறையிலிருந்து காரில் புறப்பட்டு முதலில் திருக்கடையூர் சென்றோம். அறுபதாம், எண்பதாம் கல்யாணக் கூட்டத்தில் காலைப்பொழுது கழிந்து, திருவெண்காட்டை அடைந்தபோது நடை சாத்தியிருந்தது. மாசியில் திருவெண்காட்டிலிருந்து தொடங்கினோம்; முக்குளங்களையும் கண்டு முடிப்பதற்குள் உச்சிவேளையாகிவிட்டது, மாலை வரை காத்திருக்க அம்மாவின் உடல் இடம் கொடுக்கவில்லை. சக்கர நாற்காலியின்றி அவரால் பத்தடிக்கு மேல் நடக்க இயலாது. 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்து, பின்னர் கடலரிப்புக்குப் பெரிதும் இரையான மாசிலாமணிநாதர் கோயிலைக் காண்பதுதான் அவருடைய நெடுநாள் ஆசை. அதை மட்டும் விட மனமில்லை.

பங்குனியில் ஒரு வார நாளில், காலை ஆறு மணிக்கு மயிலாடுதுறையிலிருந்து கிளம்பினால், இந்நான்கையும் எந்த வரிசையில் தரிசிக்கலாம்?