சென்னையே தெரியாத மக்கள்தொகை வரைபடம்: நிறமா, வட்டமா, புள்ளியா?

புவியியல் மாணவி:
2011 சென்சஸை வைத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் தமிழ்நாட்டின் மாவட்டவாரி மக்கள்தொகை வரைபடம் போடுகிறேன். மொத்த எண்ணிக்கைக்கு நிறம் கொடுத்தால் 46 லட்சம் பேர் இருக்கிற சென்னை கடலோரத்தில் ஒரு பொட்டாக ஒளிந்துகொள்கிறது, விழுப்புரம்தான் கண்ணை இழுக்கிறது. சரி என்று அடர்த்திக்கு மாறினேன், அப்போது சென்னை மட்டும் கருஞ்சிவப்பு, மற்ற 31 மாவட்டமும் ஒரே வெளிர் மஞ்சள். அடர்த்தியைச் சம இடைவெளியில் ஐந்து வகுப்பாகப் பிரித்து, வகுப்புக்கு ஒரு நிறம் கொடுத்திருக்கிறேன். வேறு முறைக்கே போய்விடலாமா?

வைகைக்கரை:
அடர்த்திக்கு மாறியது சரியான முடிவு, அதை விடாதீர்கள். சிக்கல் இடைவெளியில்தான். சென்னை சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர், அடுத்து வருகிற கன்னியாகுமரி சுமார் 1,100. இதை ஐந்தாகச் சமமாக வெட்டினால் முதல் வகுப்பே 5,000-ஐத் தாண்டிப் போகும், மற்ற எல்லா மாவட்டமும் அதற்குள் அடங்கிவிடும்.

மேப்காரன்:
குவான்டைல் போடுங்கள், அது மாவட்டங்களைச் சம எண்ணிக்கையில் பிரிக்கும், வகுப்புக்கு ஆறேழு மாவட்டம் வரும், படம் அழகாக இருக்கும்.

வைகைக்கரை:
அழகாக இருக்கும், ஆனால் 731 உள்ள கோயம்புத்தூரும் 26,553 உள்ள சென்னையும் ஒரே நிறத்தில் வரும், பார்க்கிறவர் இரண்டும் ஏறக்குறைய ஒன்று என்றுதான் நினைப்பார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எண்களுக்கு நடுவே இயல்பாக இடைவெளி விழுகிற இடத்தில் வெட்டுகிற ஜெங்க்ஸ் முறை சென்னையைத் தனியாகப் பிரித்துவிடும், அது பரவாயில்லை. நான் கையாலேயே எல்லை வைப்பேன்: 400-க்குக் கீழ், 400–555, 555–800, 800–1,200, அப்புறம் சென்னை தனியாக. 555 மாநிலச் சராசரி, அதனால் எந்த மாவட்டம் சராசரிக்கு மேலே, எது கீழே என்று பார்த்தவுடன் தெரியும்.

கடலோரவாசி:
எண்ணிக்கையையும் காட்ட வேண்டுமென்றால் அதே படத்தின் மேல் வட்டம் போடுங்கள். நிறம் விகிதத்துக்கு, வட்டம் எண்ணிக்கைக்கு. ஆனால் விட்டத்தை அல்ல, பரப்பைத்தான் எண்ணிக்கைக்கு ஏற்ப வைக்க வேண்டும். சென்னை பெரம்பலூரைப் போல எட்டு மடங்கு. விட்டத்தை எட்டு மடங்காக்கினால் பரப்பு 64 மடங்காக வீங்கிவிடும். விட்டம் மூன்று மடங்குகூட வராது, எட்டின் வர்க்கமூலம்தான்.

புவியியல் மாணவி:
நன்றி, இரண்டையும் செய்து பார்க்கிறேன். 10,000 பேருக்கு ஒரு புள்ளி என்று போட்டால்?

கடலோரவாசி:
மொத்தம் 7,200 புள்ளி வரும், அது பிரச்சினையில்லை. மென்பொருள் மாவட்டத்துக்குள் கண்டபடி தூவும் என்பதுதான் பிரச்சினை, நீலகிரியில் முதுமலைக் காட்டுக்குள் ஊர் இருப்பதாகப் படம் சொல்லும். தாலுகா எல்லை கிடைத்தால், காட்டுப் பகுதியைக் கழித்துவிட்டு, தாராளமாகப் போடுங்கள். மாவட்ட எல்லை மட்டும்தான் கையில் என்றால் வேண்டாம்.

வைகைக்கரை:
ஒன்று கேட்க மறந்துவிட்டேன், உங்கள் ஷேப்ஃபைல், அதாவது மாவட்ட எல்லைகள் இருக்கிற கோப்பு, எந்த வருடத்தது? 31 என்று சொல்வதால் பழைய 32 மாவட்டக் கோப்பு என்று நினைக்கிறேன், ஆனாலும் சென்னையின் எல்லையை மட்டும் சரிபாருங்கள். 2018-இல் அந்த மாவட்டம் சுமார் 175 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. பழைய மக்கள்தொகையைப் புதிய பரப்பால் வகுத்தால் அடர்த்தி 11,000-க்கும் கீழே இறங்கிவிடும், மென்பொருள் எச்சரிக்கை எதுவும் காட்டாது. பரப்பை நீங்களே கோப்பிலிருந்து கணக்கிட்டிருந்தால் முதலில் இதைப் பாருங்கள்.